கம்பிவேலியும் படிக்கட்டும்

ஒரகடத்தை ஒட்டிய பண்ருட்டியில் (பலாப்பழத்துப் பண்ருட்டி வேறு, இது லாரிகள் வரிசைகட்டும் பண்ருட்டி) ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக்காட்டுவது எனக்குச் சில வருடப் பழக்கம். மற்ற ஆறு நாளும் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப்பரிசோதனை வேலை. போன வருடம் ஜான் பாயின் எழுதிய ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்’ நாவலை ஆங்கிலத்தில் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகத் தமிழில் சொல்லிவந்தேன். நாஜி முகாமின் வேலிக்கு வெளியே ஒரு பையன், உள்ளே ஒரு பையன். இருவரும் நாள்தோறும் சந்தித்துப் பேசுகிறார்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“சார், எங்கம்மா கம்பெனியில வெளிய வர்றப்போ டிபன் பாக்ஸக்கூடத் தெறந்து பாக்குறாங்க. இது ஆளைச் சாகடிக்கறதுக்குன்னே கட்டுன எடம். அங்க வேலிக்குப் பக்கத்துல ஒரு பையன் தெனமும் வந்து குந்திப் பேசறான், ஒரு செக்யூரிட்டியும் பாக்கலியா?”

“கதைதானேம்மா” என்றேன்.

“கதைன்னா சரி. நெஜமா நடந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, யூத வெறுப்பைப் பேசும் சிறுவர் வரலாற்று நாவல்கள் நாலைந்தைத் திரும்பப் படித்தேன். படித்து முடித்தபோது வாசகனாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரலாற்று நாவல் என்றால் நமக்குக் கல்கிதான் முதலில் நினைவுக்கு வருவார். வந்தியத்தேவனின் குதிரை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாழிகையில் போனது என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆயிரம் வருடத் தூரம் அந்தச் சலுகையைத் தருகிறது. ஆஷ்விட்ஸ் முகாமை விட்டுப் பிழைத்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அது நடக்கவே இல்லை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் களத்தில் நாவலாசிரியனுக்கு அவ்வளவு சலுகை தர முடியாது.

பாயினின் நாவல் 2006-இல் வந்தது. 2008-இல் படமானது. இந்தப் பொருளில் உலகத்துப் பிள்ளைகள் அதிகம் படித்த புனைகதைகளில் ஒன்று. புரூனோவுக்கு ஒன்பது வயது, அப்பா முகாமின் கமாண்டன்ட். பெர்லின் வீட்டை விட்டு வந்த பையனுக்குப் பொழுது போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷ்முவேலோடு சிநேகம் ஆகிறது. இருவரும் பிறந்தது ஒரே நாளில். கடைசியில் புரூனோ வேலிக்கு அடியில் புகுந்து உள்ளே போகிறான். இருவரும் கைகோத்தபடி நச்சுவாயு அறையில் சாகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாவேல் என்று ஒரு கிழவர் அந்த வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறார். ஊஞ்சலிலிருந்து விழுந்த புரூனோவின் காலுக்கு அவர்தான் கட்டுப் போடுகிறார். அப்போதுதான் அவர் ஒரு டாக்டர் என்பது தெரியவருகிறது. டாக்டர் ஏன் காய் நறுக்குகிறார் என்று பையனுக்குப் புரியவில்லை. நமக்குப் புரிகிறது. இன்னோர் இடத்தில் கண்ணாடிக் குவளைகளைத் துடைக்க ஷ்முவேலை வீட்டுக்கே கூட்டிவருகிறார்கள். புரூனோ அவனுக்குத் தின்னக் கொடுக்கிறான். அதிகாரி வந்து மிரட்டியதும் “இவனை எனக்குத் தெரியவே தெரியாது” என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு பக்கத்தில் பாயின் நிஜமாகவே ஓர் எழுத்தாளர். பயந்த பையன் எப்படித் துரோகியாகிறான் என்பதற்கு அதைவிடக் கச்சிதமான காட்சி இந்த வகை நாவல்களில் குறைவு.

ஆனால் மற்றப் பக்கங்கள் இந்தப் பக்கத்துக்கு ஈடாகவில்லை. அந்தப் பெண் கேட்ட வேலியையே எடுத்துக்கொள்வோம். ஆஷ்விட்ஸ் வேலியில் மின்சாரம் ஓடியது, காவல் கோபுரங்கள் இருந்தன. அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகள் சுமார் 2,32,000 பேர், அவர்களில் ஏறத்தாழ 2,16,000 பேர் யூதக் குழந்தைகள். வேலை வாங்க முடியாத வயது என்பதால் பெரும்பாலோரை வந்து இறங்கிய அன்றே கொன்றார்கள். 1945 ஜனவரி 27-இல் சோவியத் படை வந்தபோது மிஞ்சியிருந்த சிறார்கள் 700 பேர் அளவில்தான். வேலியோரம் நாள்தோறும் உட்கார்ந்து கதை பேச ஒரு பையனுக்கு நேரமும் இடமும் இருந்தது என்று காட்டினால், அந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதே மறைந்துபோகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை, இங்கே சோறே இல்லாத இலையில் மறைக்கிறார்கள். 2020 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் நினைவகமே, இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்ப்பது நல்லது என்று பகிரங்கமாகச் சொன்னது.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. நாவலின் துணைத் தலைப்பே இது ஒரு நீதிக்கதை என்கிறது. நீதிக்கதையில் தர்க்கம் பார்க்கலாமா? காக்கையும் நரியும் பேசட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. காக்கை உட்கார்ந்த மரம் ஆஷ்விட்ஸில் நிற்கிறது என்று எல்லோருக்கும் புரியும்படி ஜாடை காட்டிவிட்டு, கேள்வி வந்ததும் வெறும் காக்கைக் கதைதான் என்று சொல்வது சரியில்லை. நிஜத்திலிருந்து கடன் வாங்கிய கனத்தில்தான் அந்தக் கதை நிற்கிறது. கடனைத் திருப்பிக் கேட்டால் கடை மூடியிருக்கிறது.

வேலியைவிடப் பெரிய ஓட்டை புரூனோவின் அறியாமை. ஒரு நாஜி கமாண்டன்ட்டின் மகனுக்கு யூதர் என்றால் யாரென்றே தெரியவில்லை. ஹிட்லரின் பட்டப்பெயரையும் முகாமின் பெயரையும் அவன் தப்பாகக் காதில் வாங்கிக்கொள்கிறான், அதுவும் ஆங்கிலச் சொற்களாக. பெர்லின் பையனுக்கு ஆங்கிலக் காது எப்படி வந்ததோ! (அந்த இடங்களைத் தமிழில் சொல்ல நான் பட்ட பாடு தனிக் கதை.) அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒன்பது வயதுப் பையனுக்கு என்னென்ன படிக்கக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் இந்த அறியாமை எவ்வளவு பொய் என்பது புரியும். 1936-இல் எல்விரா பௌவர் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை யூதர்களைப் பழித்து ஒரு படப்புத்தகம் எழுதினார். பளபளக்கும் வண்ணப்படங்கள், எதுகை மோனையோடு பாட்டு. 1938-இல் எர்ன்ஸ்ட் ஹீமர் எழுதிய ‘நச்சுக் காளான்’ வந்தது. நல்ல காளானையும் விஷக் காளானையும் பிரித்தறிவதுபோல யூதனை அடையாளம் காணவேண்டும் என்று ஓர் அம்மா காட்டில் நடந்தபடி மகனுக்குச் சொல்லித்தருகிறாள். இரண்டையும் வெளியிட்டது யூலியுஸ் ஸ்ட்ரைஷரின் பதிப்பகம். அந்த ஆளை 1946 அக்டோபரில் நியூரம்பர்க்கில் தூக்கில் போட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. யூத வெறுப்பை ஜெர்மன் வீடுகளுக்குள் கொண்டுபோன வண்டிகளில் சிறுவர் இலக்கியமும் ஒன்று. அந்தப் பாவத்தில் பங்குள்ள ஓர் இலக்கிய வகை பிறகு அதே வெறுப்பைப் பற்றி எழுத வரும்போது, குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தால் அது தன் வீட்டு அழுக்கைத் தானே மறைப்பது. குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்கள் பாட்டுக் கட்டி, படம் வரைந்து, தெரியவைத்திருந்தார்கள்.

நாவலில் புரூனோ ஒருமுறை அக்காவிடம், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யூதர்கள் என்றால் நாம் யார் என்று கேட்கிறான். நாம் அவர்களுக்கு எதிர்ப்பதம் என்கிறாள் அவள். யூத வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த நாவல் தரும் விளக்கம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கம்பெனியில் ஒரு பாகம் பழுதாகி வந்தால் நாங்கள் ‘வொய்-வொய்’ போடுவோம். ஏன் விரிசல் விட்டது? வெப்பம் கூடிப்போனது. ஏன் கூடியது? சென்சார் வேலை செய்யவில்லை. ஏன் யாரும் கவனிக்கவில்லை? இப்படி ஐந்து ஏன் கேட்டால் ஆபரேட்டரைத் தாண்டி மேலே எங்கேயாவது போய் நிற்கும். ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று முதல் ஏனிலேயே முடித்துக்கொண்டு வந்தால் மேனேஜர் பேப்பரைத் திருப்பி அடித்துவிடுவார். பாயினின் நாவல் முதல் ஏனிலேயே நின்றுவிடுகிறது. அப்பா ஒரு கெட்ட வேலையில் இருந்தார், வேலி இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி அடி இன்னும் வலிக்கிறது. முடிவில் நாம் யாருக்காக அழுகிறோம்? தவறிப்போய் உள்ளே போன ஜெர்மன் பையனுக்காக. அவன் அப்பா வேலியோரம் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொள்கிறார், நெஞ்சு அடைக்கிறது. ஷ்முவேலைத் தேட ஆள் இல்லை. கடிகாரம் செய்யும் அப்பா, டீச்சர் அம்மா, கிராகோவில் இருந்த வீடு என்று சில வரிகள் அவனுக்குக் கிடைக்கின்றன, பிறகு அவன் புரூனோவின் கடைசி நடைக்குத் துணையாகிவிடுகிறான். ‘தவறிப்போய்’ என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. ஒருவன் தவறி உள்ளே போனான் என்றால், மற்றவர்கள் சரியாகத்தான் போனார்களா?

லோயிஸ் லௌரியின் ‘நம்பர் தி ஸ்டார்ஸ்’ (1989) இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1943-இல் டென்மார்க்கின் யூதர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிச் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அதன் ஓர் இழையை அன்னமாரீ என்ற பத்து வயதுப் பெண்ணின் கண்வழியாக லௌரி சொல்கிறார். மோப்ப நாய்களின் மூக்கை மரக்கச் செய்யும் கைக்குட்டை நிஜத்தில் இருந்தது. நாவலின் இறுதிக் குறிப்பில் எது உண்மை, எது புனைவு என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுகிறார். அது நேர்மை. குறை என்று பார்த்தால், காப்பாற்றப்படும் எல்லன் பெரும்பாலும் ஒரு பத்திரமான பார்சல்போலத்தான் கைமாறுகிறாள், ஜெர்மானியர்கள் ஏன் இப்படி என்ற கேள்வி எழவே இல்லை. நல்லவர்கள் நிறைந்த ஊரின் கதை அது. அப்படி ஓர் ஊர் இருந்ததும் உண்மை.

ஜூடித் கெர்ரின் ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’ (1971) அவருடைய சொந்தக் கதை. 1933-இல் பெர்லினை விட்டு ஓடிய குடும்பம். எந்தப் பொம்மையை எடுத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது புதிதாக வந்த நாயை எடுத்துக்கொண்டு முயலை விட்டுவிட்டு வந்த சிறுமி அன்னா. சுவிட்சர்லாந்து விடுதிக்கு விடுமுறையில் வரும் ஒரு ஜெர்மன் அம்மா, அன்னாவோடும் அவள் அண்ணனோடும் விளையாடக்கூடாது என்று தன் பிள்ளைகளைத் தடுக்கும் இடம் ஒன்று வருகிறது. முகாம் இல்லை, துப்பாக்கி இல்லை, விளையாட்டு நின்றுபோகிறது, அவ்வளவே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் வாய் மூடிக் கேட்ட பகுதி அதுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் காலனிப் பிள்ளைகளும் உண்டு, ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

நான் தேடிக்கொண்டிருந்தது கடைசியில் ஒரு ஜெர்மன் நாவலில் கிடைத்தது. ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் 1961-இல் எழுதிய ‘ஃப்ரீட்ரிக்’. ரிக்டர் 1925-இல் கொலோனில் பிறந்தவர். அவர் கதையில் வரும் இரண்டு பையன்களும் (யூதனான ஃப்ரீட்ரிக், யூதனல்லாத கதைசொல்லி) அதே 1925-இல் ஒரு வார இடைவெளியில் பிறக்கிறார்கள். ஒரே கட்டடம், மேல் மாடியும் கீழ் மாடியும், நடுவில் ஒரு படிக்கட்டு. ஒவ்வோர் அத்தியாயத் தலைப்பிலும் வருடத்தைப் போட்டு, 1925-இலிருந்து 1942 வரை சின்னச் சின்ன அத்தியாயங்களாக நகர்கிறது. முகாம் வருவதே இல்லை. கதை பெரும்பாலும் அந்தப் படிக்கட்டிலும், அதைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடம், கடைவீதி, நீச்சல்குளம், பூங்காப் பெஞ்சுகளிலும்தான் நடக்கிறது.

முதலில் கதை சொல்லும் பையனின் தாத்தா வருகிறார். ரயில்வேக்காரர். வேலையில் தன்மேல் அதிகாரம் செய்த யூத அதிகாரி ஒருவர்மேல் கொண்ட பழைய கசப்பில், பேரன் ஃப்ரீட்ரிக்கோடு பழகக்கூடாது என்கிறார். 1933-இல் ஃப்ரீட்ரிக்கின் அப்பாவுக்குத் தபால் இலாகா வேலை போகிறது. வீட்டுக்காரர் ரெஷ் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போடுகிறார். அந்த வருடம் ஒரு நீதிபதி இன்னும் யூதக் குடும்பத்தின் பக்கம் பேச முடிகிறது. 1934-இல் ஓர் ஆசிரியர், மனசு வருந்தி, ஃப்ரீட்ரிக் இனி இந்தப் பள்ளிக்கு வரமுடியாது என்று வகுப்புக்கு விளக்குகிறார். 1935-இல் சட்டம் மாறியதால் யூத வீட்டில் வேலை செய்துவந்த அம்மாள் நின்றுகொள்கிறாள். ஒவ்வொரு படியும் சின்னது. அந்தப் படியில் நின்ற ஆளுக்கு ஒரு காரணமும் இருந்தது.

சிறுவர் படையில் சேர ஃப்ரீட்ரிக் ஆசைப்படும் அத்தியாயம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கழுத்துத் துணி, கூட்டம், பாட்டு, எல்லாப் பையன்களையும்போல அவனுக்கும் அது வேண்டும். கூட்டத்தில் அவனை எழுப்பி நிறுத்தி, யூதர்களே நம் கேடு என்ற வாசகத்தை அவன் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள். யூத வெறுப்பின் இழுப்பு யூதப் பையனையும் விடவில்லை என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கதை சொல்லும் பையனுக்குப் பெயரே கிடையாது. அவன் அப்பா வேலையில்லாமல் கிடந்தவர், கட்சியில் சேர்ந்தால் பிழைப்புக்கு நல்லது என்று சேர்கிறார். அதைத் தன் யூத நண்பரிடமே ஒளிக்காமல் சொல்கிறார், நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். அந்த இடத்தை வாசித்ததும் ஒரு பையன், “எங்கப்பா கட்சியில சேந்ததே ஆட்டோ ஸ்டாண்டுல எடம் கெடைக்கத்தான் சார்” என்றான். சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. 1938 நவம்பரில் ஊரே யூதர் வீடுகளை உடைக்கும்போது, பெயரில்லாத இந்தப் பையன் கையிலும் ஒரு சுத்தியல் வருகிறது. அடித்து நொறுக்குகிறான், அதில் ஒரு சுகம் வருகிறது, பிறகு குமட்டுகிறது. வீட்டுக்கு வந்தால் அதே கூட்டம் மேல் மாடியில் ஃப்ரீட்ரிக்கின் வீட்டை உடைத்துக்கொண்டிருக்கிறது. 1942-இல் குண்டு விழும் இரவில் பதுங்குகுழிக் கதவை ஃப்ரீட்ரிக் தட்டுகிறான். விமானத் தாக்குதல் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் அந்த ரெஷ்தான். உள்ளே இருப்பவர்கள் கெஞ்சுகிறார்கள், ஒரு ராணுவ வீரன் அதட்டுகிறான். பெயரெழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார் ரெஷ். ஃப்ரீட்ரிக் வாசற்படியில் செத்துக்கிடக்கிறான்.

இங்கே ஐந்து ஏனையும் கேட்கலாம். ஏன் செத்தான்? கதவைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? ரெஷ் விடவில்லை. மற்றவர்கள் ஏன் மீறவில்லை? பெயர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயமும் அதிகாரமும் எங்கிருந்து வந்தன? கட்சியில் சேர்ந்தவர்களிடமிருந்து. அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? வேலை, வாடகை, பிள்ளைக்குட்டி. நாவல் எங்கேயும் இதை விளக்கிச் சொல்வதில்லை. வருடங்களை அடுக்கி வைத்திருக்கிறது, நாமே படி இறங்கி வருகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் யூதக் குடும்பத்துக்கு வசதி, பக்கத்து ஜெர்மன் குடும்பத்துக்குப் பட்டினி. பழைய வாய்ப்பாட்டுக்கு இது தீனி போடுகிறது. யூதர்களின் வாழ்க்கை வெள்ளிக்கிழமை விளக்கு, தொழுகை, சடங்கு என்று பண்டிகைக் காட்சிகளாகவே அதிகம் தெரிகிறது. ஃப்ரீட்ரிக் கோபப்படும் இடங்கள் போதாது. சொல்கிறவன் குற்றத்தைச் சொல்கிறான், குற்றவுணர்வைச் சொல்வதில்லை. அந்த மௌனத்தைச் சிலர் கலை என்பார்கள், சிலர் நழுவல் என்பார்கள். எனக்கு இரண்டும் கலந்ததாகவே படுகிறது. ரிக்டரே அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர் என்பதையும் மறக்க முடியவில்லை.

இந்தக் கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. நானும் சறுக்கினேன். “நம்ம ஊர்த் தீண்டாமை மாதிரி” என்று சொல்லிவிட்டால் சட்டென்று புரிந்துவிடும். அந்தப் புரிதல் பாதிதான் சரி. அந்த ஜெர்மன் படிக்கட்டில் ஒன்றாக இருந்தவர்களைப் பத்து வருடத்துக்குள் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். இங்கே ஊரும் காலனியும் சட்டத்துக்கு முன்பே பிரிந்தவை, சேர்த்துவைக்கத்தான் சட்டம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கோபுரம் ஏறி எல்லோருக்கும் மந்திரம் சொன்ன கதையைப் பெருமையோடு சொல்லும் இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் எந்தத் தெரு என்று விசாரித்துத்தான் வீடு வாடகைக்கு விடுகிறார்கள். அது ஒருபுறம். யூத வெறுப்பின் தனி விஷம் வேறு இடத்தில் இருக்கிறது. யூதன் இழிந்தவன் என்று சொல்லிவிட்டு, அதே வாயால் அவன்தான் உலகத்தைத் திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டுகிறான் என்றும் சொல்லும். இழிவும் அச்சமும் ஒரே பொட்டலத்தில் வரும்.

அதற்கு நிகரானது நம்மிடம் இல்லாமல் இல்லை. முந்தைய தலைமுறை ‘ஈட்டிக்காரன்’ என்று பேசிய பேச்சு, நம் சினிமாவின் அடகுக்கடை சேட்டு, இப்போது டீக்கடையில் “வடக்கன் வந்து நம்ம வேலையைப் புடுங்கிட்டான்” என்ற முணுமுணுப்பு. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் எதிர்த்திசையில் ஓடின. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்ற புரளியில் இங்கே வேலை பார்த்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். வதந்தி எப்படி நடக்கும் என்பதை எங்கள் வட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர்களில் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள்.

தமிழில் யூதன் என்ற பாத்திரம் பெரும்பாலும் ஷைலாக்காகத்தான் வந்து சேர்ந்தான். 1807-இல் லாம் அக்காவும் தம்பியும் சிறுவர்களுக்காக எழுதிய சுருக்கக் கதை வழியாக, பாடப்புத்தகம் வழியாக, 1940-இல் ‘ஷைலாக்’ என்ற பெயரிலேயே வந்த தமிழ்ப்படம் வழியாக. கந்துவட்டிக்காரனை இன்றும் மேடையில் ஷைலாக் என்கிறோம். ஹிட்லரோ கண்டிப்பான அப்பாவுக்கும் ஹெட்மாஸ்டருக்கும் செல்லப்பெயர். சிவாஜி கணேசன் நடித்த ‘ஹிட்லர் உமாநாத்’ (1982) முதல் விஜய் ஆண்டனியின் ‘ஹிட்லர்’ (2024) வரை படத்தலைப்பாகவும் அந்தப் பெயர் கூசாமல் நிற்கிறது. செண்பகராமன் பிள்ளை ஹிட்லரையே மன்னிப்புக் கேட்கவைத்தார் என்ற கதை சிறுவர் புத்தகங்களில் வலம்வருகிறது. அந்தக் கதையில் நம் மானம் இருக்கிறது, யூதர்கள் இல்லை. இப்படி ஒரு மொழிக்குள் வரும் நாவல், வெறுப்பு எப்படித் தயாரானது என்று காட்டாமல் வெறும் கண்ணீரை மட்டும் தந்தால், படித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடி பேசப்போவான்.

தயாரிப்பு என்றதும் இன்னொன்று. நான் படித்த இந்த நாவல்கள் எதிலும் தொழிற்சாலை வருவதில்லை. எங்கள் வட்டாரத்து வாசகனுக்கு அது கண்ணை உறுத்தும். இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியாகப் போனால் மறைமலைநகர். அங்கே ஃபோர்டு கம்பெனி பஸ்ஸைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது பல வீடுகளில் அடுப்பு யோசித்து எரிந்தது. அந்தப் பெயருக்குரிய ஹென்றி ஃபோர்டு 1920 மே மாதம் முதல் தன் சொந்தப் பத்திரிகையில் யூதர்கள் உலகை ஆட்டிவைக்கிறார்கள் என்று தொடர் வெளியிட்டார். கார் விற்கும் டீலர்கள் வழியாக அது வீடுகளுக்குப் போனது. 1927-இல் மன்னிப்புக் கேட்டார். 1938-இல் ஹிட்லர் அரசு தந்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். 2012 முதல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி உருண்டு வருகிறது. அதன் மூதாதையான டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் 1944-இல் இருந்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் கட்டாய வேலைக்காரர்கள், போர்க்கைதிகள், முகாம் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். இன்றைய கம்பெனிகள்மேல் இதை ஏற்றிச் சொல்லவில்லை. வெறுப்புக்கும் ஷிப்ட் உண்டு, விநியோகச் சங்கிலி உண்டு என்று காட்டும் சிறுவர் நாவல் ஒன்று வந்தால் இந்தச் சாலையில் அதற்கு வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் களமும் எழுதப்படாமல் கிடக்கிறது. சென்னை பவழக்காரத் தெருவுக்குப் பெயர் தந்த பவழ வணிகத்தில் ஐரோப்பிய யூதர்கள் இருந்தார்கள். கோவாவில் 1560-இல் தொடங்கிய மதவிசாரணை, மருத்துவர் கார்சியா த ஓர்தாவின் தங்கையை 1569-இல் எரித்தது, செத்துப் புதைத்த ஓர்தாவின் எலும்புகளையே 1580-இல் தோண்டி எரித்தது. கொச்சி மட்டாஞ்சேரியின் 1568-ஆம் வருடத்துப் பரதேசி தொழுகைக்கூடத்தைப் போர்த்துகீசியர் 1662-இல் கொளுத்தினார்கள். அதே கூடத்துக்குள் ‘வெள்ளை’ யூதர்கள் அடிமை வழிவந்த யூதர்களைச் சமமாக உட்காரவிடவில்லை. ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் அங்கே சத்தியாக்கிரகம் செய்தார். வெறுப்புக்கு ஆளானவர்களே தங்களுக்குள் படிக்கட்டு வைத்துக்கொண்ட இந்தக் கதையைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கை வேண்டும். எனக்கு அந்தக் கை இல்லை.

தீர்ப்பு கேட்டால் தயங்காமல் சொல்வேன். பாயினின் நாவல் நன்றாக எழுதப்பட்ட தப்பான புத்தகம். துரோகக் காட்சி ஒன்றுக்காக அதைப் பதினைந்து வயதுக்கு மேல், அதன் பொய்களோடு சேர்த்துப் படிக்கலாம். இந்த வரலாற்றுக்குள் நுழைய முதல் வாசலாக அது கூடாது. கெர்ரின் முயல் பத்து வயதுக்கு. லௌரி அதற்கு அடுத்து. ‘ஃப்ரீட்ரிக்’ பன்னிரண்டு வயதுக்கு மேல், அதுவும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதன் குறைகளையும் பேசிக்கொண்டு. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதைத்தான் வாங்குவேன்.

வாங்கியும் வைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதிவைத்த தமிழ்ச் சுருக்கத்தோடு அதை வல்லத்துப் பையன் ஒருவன் எடுத்துப்போய் மூன்று வாரம் ஆகிறது. வேலியைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்தான் வரிசையில் அடுத்த ஆள். போன ஞாயிறு அவனை வழிமறித்துக் கேட்டிருக்கிறாள். “எங்க தாத்தா படிச்சிட்டிருக்காரு, இன்னும் குடுக்கல” என்றானாம்.